பெல்டனோடு தொடர்புடைய பெருமக்கள்

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் பெல்டன் நகரத்தில் பெருமைக்குரியவர்கள் பதினோரு பேர்தான் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேயருக்குத் தெரியவந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் விக்லோவில் பெல்டனில் பாதி ஜனம்கூடக் கிடையாது. அதற்கு அறுபது பேர் இருந்தார்கள். இணையத்தில் எந்த ஊரின் பெயரைத் தட்டினாலும் கடைசியில் அந்த ஊரோடு தொடர்புடைய பெருமக்கள் என்று ஒரு பட்டியல் வருமே, அதை மேயர் பார்த்துவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் பெல்டன் பெருமக்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. நகர மன்றக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் அதற்கு மூன்று அறைகள் ஒதுக்கினார்கள். அங்கே அதுவரை இருந்த தடுப்பூசி மையம் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போனது.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. மூன்றே வருடத்தில் பதினொன்றை அறுபத்தொன்று ஆக்கிக் காட்டியது. ஆற்றோரத்து மாநாட்டு மண்டபத்தில் கருங்கல் சுவர் எழுப்பி அறுபத்தொரு பெயரையும் பொன்னெழுத்தில் பொறித்தார்கள். பாலத்தின் இந்த முனையில், அக்கரையிலிருந்து வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி, "விக்லோவைவிட ஒருவர் அதிகம்" என்று ஒரு பெரிய பலகையும் நட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வெர்னா டோஷெக் தன்னுடைய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

வெர்னா நகரக் குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, மருந்து கலந்து, சோதித்து, ஊருக்கு அனுப்புகிற வேலை. அவளுக்குத் தனக்காக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பழைய மேற்பார்வையாளர் லீலண்ட் பஸ்கி, நுரையீரல் கெட்டுப்போய், மேப்பிள் கோர்ட் ஹாஸ்பிஸ் இல்லத்தில் பதினான்காம் எண் அறையில் இருந்தார். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி என்று ஆனவர்களை வைத்துக்கொள்ளும் இடம் அது. டாக்டர் இரண்டு மாதம் சொல்லியிருந்தார். அதற்குள் லீலண்டின் பெயர் அந்தச் சுவரில் ஏற வேண்டும், அவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது வெர்னாவின் ஆசை.

காத்திருக்கும் அறையில் பெருமக்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு பாடகர், விமானம் ரத்தானதால் பெல்டனில் ஆறு மணி நேரம் இருந்தவர், அதைத் தன் வாழ்க்கையின் மிக மோசமான ஆறு மணி நேரம் என்று ஒரு பேட்டியில் சொன்னவர். ஒரு பேஸ்பால் வீரர். பெல்டன் அணியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு அணிக்கு விற்கப்பட்டவர். ஒரு வங்கிக் கொள்ளையர். தப்பி ஓடும்போது பெட்ரோல் தீர்ந்து இங்கே பிடிபட்டவர். ஒரு செனட்டர், ரயிலில் போகும்போது வயிற்றுவலி வந்து பெல்டனில் இறக்கி அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர். அவருடைய குடல்வால் இங்கேயே தங்கிவிட்டதால் அவருக்கு நிரந்தரத் தொடர்பு என்ற உயர்ந்த தகுதி தரப்பட்டிருந்தது.

ஆணையத்தின் செயலாளர் கெர்வின் ஸ்லேட் நல்ல மனிதர். முன்பு நாய்களுக்கு உரிமம் வழங்கும் பிரிவில் ஆறு வருடம் இருந்து, ஒரு தவறும் செய்யாததால் பதவி உயர்வு பெற்றவர்.

"பேரு?" என்றார்.

"லீலண்ட் பஸ்கி."

"எந்த ஊருக்குப் போனார்?"

"எங்கயும் போகல சார். இங்கதான் இருக்கார். மேப்பிள் கோர்ட்ல."

கெர்வின் பேனாவை மூடினார். "அப்ப அவருக்கும் பெல்டனுக்கும் என்ன தொடர்பு?"

"பொறந்ததுலேருந்து எழுபத்தோரு வருஷமா இங்கயே இருக்காரே?"

"அது இருப்பு, மேடம். தொடர்பு வேற. தொடர்புன்னா ரெண்டு பொருள் தனித்தனியா இருக்கணும். உங்களுக்கும் உங்க மூக்குக்கும் தொடர்பு இருக்குன்னு யாராவது சொல்வாங்களா?"

வெர்னா தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இங்கயே இருக்கறவங்களை நாங்க வாசின்னு சொல்லுவோம்," என்று கெர்வின் பொறுமையாக விளக்கினார். "வாசிகளுக்குத் தனிப் பதிவேடு இருக்கு. குப்பை அள்ளற துறைகிட்ட. சரி, வந்தது வந்துட்டீங்க. அவர் என்ன பண்ணினார்?"

வெர்னா சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் பம்ப் நிலையம் மூழ்கியது. எல்லோரையும் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. லீலண்ட் மட்டும் போகவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நாலு நாள் கையாலேயே குளோரின் கலந்து, கையாலேயே அடைப்பான்களைத் திருப்பி, ஊருக்குச் சுத்தமான தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் குளோரின் புகையிலும்தான் அவருடைய நுரையீரல் கெட்டது.

"பத்திரிகையில வந்துதா?"

"இல்ல."

"ஏன்?"

"ஒண்ணும் நடக்கலயே சார். ஒருத்தருக்குக்கூட வயித்துப்போக்கு வரல. அதுதானே விஷயமே."

"பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் கெர்வின் கவலையோடு. "அதுல பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. ஒரு நாலஞ்சு பேராவது செத்திருந்தா உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்."

ஆனாலும் அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். மறுப்பதானால் அதை ஆணையம் கூடித்தான் மறுக்க வேண்டும் என்பது விதி.

ஆணையம் கூடிய அன்று வெர்னாவின் விண்ணப்பம் ஒன்பதாவதாக வந்தது. அதற்கு முன்னால் ஒரு நடிகரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த நடிகரின் தாயார் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பெல்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்பது ரசீதோடு நிரூபிக்கப்பட்டது. ஆறு மாதக் கரு சத்தங்களைக் கேட்கும் என்று ஒரு உறுப்பினர் சுட்டிக்காட்டியதும், அவருடைய கலை வாழ்க்கையில் பெல்டனின் பாதிப்பு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் நடிகரின் வழக்கறிஞர் தடை வாங்கப் போவதாக எழுதியிருந்ததால் பொன்னெழுத்து மட்டும் தள்ளிவைக்கப்பட்டது.

தலைவி கான்ஸ்டன்ஸ் விட்லாக் முப்பது வருடம் வீடு விற்கும் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னாவின் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் டோஷெக், உங்க உணர்ச்சி எங்களுக்குப் புரியுது. ஆனா ஒரு ஊரோட பெருமை எதுல இருக்கு? அங்கேருந்து எத்தனை பேர் தப்பிச்சுப் போய் நல்லா இருக்காங்கங்கறதுல இருக்கு. நான் முப்பது வருஷம் இந்த ஊர்ல வீடு வித்தேன். வாங்க வர்றவங்க யாரும் இங்க யார் இருக்காங்கன்னு கேட்டதில்ல. இங்கேருந்து யார் போனாங்கன்னுதான் கேப்பாங்க. இங்கயே இருந்து செத்தவங்க பேரையெல்லாம் சுவர்ல எழுதணும்னா அதுக்கு ஏற்கெனவே நகரத்துல ஒரு இடம் இருக்கு. கல்லறைத் தோட்டம்னு பேரு. அதையும் நல்லபடியா பராமரிக்கறோம்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

வெர்னாவுக்கு மேடைப் பேச்சு வராது. ஆனாலும் எழுந்து நின்றாள். "அது என்னோட ஷிஃப்ட் மேடம்," என்றாள். அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அந்த வாரம் நான்தான் இருந்திருக்கணும். என் பொண்ணுக்கு ஜுரம். பாலத்தை மூடறதுக்கு முன்னாடி அவளைத் தூக்கிட்டு விக்லோ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எனக்குப் பதிலா அவர் நின்னார்."

தலைவி பக்கத்து உறுப்பினரின் காதில் ஏதோ சொன்னார். அவர் இன்னொருவர் காதில் சொன்னார். அவர்கள் இளகிவிட்டார்கள் என்று வெர்னா நினைத்தாள்.

"நீங்க வெளியூர்ல எத்தனை நாள் இருந்தீங்க?" என்று கேட்டார் தலைவி.

"நாலு நாள்."

"அந்த விஷயத்துல மிஸ்டர் பஸ்கியைவிட உங்களுக்குத் தகுதி அதிகமா இருக்கே. உங்க பேருக்கு ஒரு விண்ணப்பம் போடறீங்களா?"

வெர்னா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டில் கெர்வின் பின்னாலேயே ஓடிவந்தார். மூச்சு வாங்க ஒரு காகிதத்தை நீட்டினார்.

"வெளியேற்றச் சான்றிதழ். ஊரை விட்டுப் போயிட்டார்னு வேற ஊர் அதிகாரி ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, மறுபடியும் எடுத்துப்பாங்க. அஞ்சு வருஷம் வெளிய இருக்கணும். இல்லன்னா வெளிய சாகணும். ரெண்டாவதுக்குக் கால வரம்பு இல்ல." அவர் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

மறுநாள் மேப்பிள் கோர்ட்டில் இதையெல்லாம் கேட்டு லீலண்ட் சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாய் நழுவி விழுந்தது.

"குடல்வாலா? நிஜமாவா? ஐயோ, என் நுரையீரல்ல பாதி அந்தப் பம்ப் ஹவுஸ்ல கிடக்குதே, அதைச் சொன்னியா?"

"சிரிக்காத லீலண்ட். எனக்கு வயிறு எரியுது."

"ஏம்மா எரியணும்? சரி, அந்தச் சான்றிதழை எடுத்துக்க. என்னை வண்டில ஏத்து. விக்லோ போலாம்."

"சாகறதுக்கா?"

"இல்ல, பை சாப்பிட. பாலத்து முனைக் கடையில, மாவுக்குள்ள செர்ரிப் பழம் வெச்சு சுடற பை, நல்லாருக்கும். இங்க எட்டு நாளா ஜெல்லியே குடுக்கறாங்க."

மத்தியான வெயிலில் பாலத்தைத் தாண்டினார்கள். கடை ஜன்னலோரத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தி, லீலண்ட் நாலு வாய் பை சாப்பிட்டார். ஐந்தாவதுக்கு மூச்சு போதவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் வெர்னா. "அந்த வாரம்..."

"உன் ஷிஃப்ட். தெரியும். ரோஸ்டர் போட்டவனே நான்தானே."

"ஒரு நாளும் நீ கேட்டதில்ல."

"என்னத்தைக் கேக்கறது? உனக்கு வீட்டுல ஜுரத்தோட ஒரு குழந்தை. எனக்கு வீட்டுல ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டுச் சொன்னார். "மூணாவது நாள் ரொம்ப பயந்தேன் வெர்னா. சாவுக்கு இல்ல. குளோரின் தீர்ந்து டப்பாவோட அடிக்கு வந்துடுச்சு. மேல ஏதோ ஒரு வீட்டுல ஒரு வாண்டு குழாய்ல வாய வெச்சுக் குடிக்கும், அதுக்குத் தெரியாது... அந்த நெனப்புதான் வந்துட்டே இருந்துச்சு. நல்லவேளை, நாலாவது நாள் குளோரினோட படகு வந்துச்சு."

வெர்னா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுதா மீதி பையை நான் பார்சல் கட்டிடுவேன்," என்றார் லீலண்ட்.

சான்றிதழில் கையெழுத்துப் போட அதிகாரி வேண்டுமே என்று விக்லோ நூலகத்துக்குப் போனார்கள். விக்லோவில் பெருமக்கள் ஆணையம் எதுவும் கிடையாது. நூலகர் ரமோனா குவில் என்ற பெண்மணி வாசலில் ஒரு பலகையில் அட்டைகளைக் குத்திவைப்பாள்; இணையத்தில் ஏற்றுவதும் அவள்தான். காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"வெள்ளத்தப்ப தண்ணி விட்டது நீங்களா? பாலத்துக்கு அடியில வர்ற பெரிய குழாய்ல?"

"ஆமா. அது உங்க ஊருக்கு வர்ற குழாய். அதையும் மூடச் சொன்னாங்க. ஆஸ்பத்திரி இருக்கேன்னு விட்டுவெச்சேன்."

"நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன்," என்றாள் ரமோனா. "பிரசவத்துக்கு."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு அட்டையை எடுத்து எழுதிப் பலகையில் குத்தினாள். லீலண்ட் பஸ்கி, வெள்ளத்தின்போது நமக்கு நாலு நாள் நல்ல தண்ணீர் கொடுத்தவர். எல்லாம் முடிய இரண்டு நிமிடம் ஆனது. சான்றிதழில் கையெழுத்துப் போட எல்லோருமே மறந்துபோனார்கள்.

திங்கட்கிழமை காலை பெல்டன் நகர மன்றத்தில் பெரிய கலவரம். இணையத்தில் விக்லோவின் எண்ணிக்கை அறுபத்தொன்று ஆகிவிட்டது. பாலத்துப் பலகை ஒரே இரவில் பொய்யாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த அறுபத்தொன்றாவது ஆள் பெல்டன்காரர். மேயர் நேரடியாகத் தொலைபேசியில் கத்தினார். வெளியூரில் அங்கீகாரம் கிடைத்துவிட்டதால் லீலண்ட் பஸ்கி பெருமைக்குரியவர் என்பதில் ஆணையத்துக்கு இப்போது சந்தேகமே இல்லை. அவர் இன்னும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பது ஒன்றுதான் சிக்கல். வேறு ஊருக்குத் தூக்கிப்போகலாம் என்றால், அவர் இனி வண்டியைத் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வழி கண்டுபிடித்தவர் கான்ஸ்டன்ஸ் விட்லாக். நில விவகாரத்தில் அவருக்கு முப்பது வருட அனுபவம் உண்டல்லவா? மனிதர் எல்லையைத் தாண்ட முடியாவிட்டால் எல்லை மனிதரைத் தாண்டலாம் என்று அவர் விளக்கினார். மேப்பிள் கோர்ட்டின் பதினான்காம் எண் அறையை மட்டும் நகர எல்லையிலிருந்து நீக்கும் தீர்மானத்தை மன்றம் ஏழு நிமிடத்தில் நிறைவேற்றியது. அந்த ஏழில் மூன்று நிமிடம் தேசியக் கொடிக்கு உறுதிமொழி. மறுநாள் சர்வே ஆட்கள் வந்து அளந்து, அறை வாசல் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விழா என்று முடிவானது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெர்னாவின் மேசைக்கு ஒரு உத்தரவு வந்தது. நகர எல்லைக்கு வெளியே உள்ள இடங்களுக்குத் தண்ணீர் தர மன்றத்தின் தனி ஒப்பந்தம் வேண்டும். விக்லோவுக்கு அது இருக்கிறது. பதினான்காம் எண் அறைக்கு இல்லை. எனவே இணைப்பை உடனே துண்டிக்கவும். கீழே கான்ஸ்டன்ஸ் விட்லாக்கின் கையெழுத்து இருந்தது. தீர்மானத்தோடு இணைத்த பதினேழு காகிதங்களில் அதையும் ஒன்றாக நினைத்து அவர் போட்டிருந்தார்.

வெர்னா அதைக் கொண்டுபோய் லீலண்டிடம் காட்டினாள். "இதைக் கிழிச்சுப் போடப் போறேன்."

லீலண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத ஒரு தெளிவு வந்தது.

"கிழிக்கறதா? நான் சூப்பர்வைசரா இருந்தப்ப ஆர்டரை இப்படிக் கிழிச்சிருந்தா உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மூடு."

"லீலண்ட்!"

"ஆர்டர்னா ஆர்டர். வராண்டாவுல துணி அலமாரிக்குப் பின்னால வால்வு இருக்கும். போய் மூடு. வெளையாட்டை நான் பாக்கணும்."

பதினொரு மணிக்கு மேயர், உறுப்பினர்கள், புகைப்படக்காரர், வெண்கலத் தகடு எல்லாம் வந்து சேர்ந்தன. அறைக்குள் எல்லோருக்கும் இடமில்லாததால் பாதிப் பேர் வராண்டாவில், அதாவது பெல்டனில், நின்றார்கள். கான்ஸ்டன்ஸ் நாடாவைத் தாண்டி உள்ளே வந்து பேசினார்.

"நம்மை விட்டுப் போன ஒரு மாமனிதரைப் பெருமைப்படுத்த வந்திருக்கோம். பெல்டன் அவரை எழுபத்தோரு வருஷம் வளர்த்தது. ஒரு நாளும் அவரைத் தொந்தரவு பண்ணினதில்ல, அவர் யாருன்னுகூடக் கேட்டதில்ல. அப்படிப்பட்ட சுதந்திரத்தை எந்த ஊர் குடுக்கும்? போன வாரம் விக்லோ அவரைக் கண்டுபிடிச்ச உடனே, அடுத்த நாளே நாமளும் கண்டுபிடிச்சோம். இந்த வேகம்தான் பெல்டன்!"

கைதட்டலுக்கு நடுவில், சக்கர நாற்காலியில் இருந்த லீலண்டுக்கு இருமல் வந்தது. நடிப்பில்லை, நிஜமான இருமல். "கொஞ்சம் தண்ணி," என்றார்.

புகைப்படக்காரர் தயாராக நிற்பதைப் பார்த்து கான்ஸ்டன்ஸே கோப்பையை எடுத்தார். மூலையிலிருந்த குழாயைத் திருகினார். உஸ் என்று காற்று வந்தது. இன்னும் திருகினார். அதுவும் நின்றது.

"என்ன இது?"

வெர்னா உத்தரவை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள், கையெழுத்து உட்பட.

"உடனே திறந்து விடுங்க!"

"திறக்க மன்றத் தீர்மானம் வேணும் மேடம். அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழிச்சு."

"யாராவது வெளியிலேருந்து ஒரு கோப்பை கொண்டு வாங்கப்பா!" என்றார் மேயர்.

கெர்வின் ஸ்லேட் தர்மசங்கடத்தோடு கையை உயர்த்தினார். "ஒப்பந்தம் இல்லாம பெல்டன் தண்ணியை எல்லை தாண்டிக் கொண்டுபோறது தப்பு சார். பன்னிரண்டாம் விதி."

எல்லோரும் அந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தார்கள். வராண்டாவில், நாடாவிலிருந்து ஆறடி தூரத்தில், குடிநீர்க் குழாய் ஒன்று சுவரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அப்ப நானே வர்றேன்," என்றார் லீலண்ட்.

"மிஸ்டர் பஸ்கி!" கான்ஸ்டன்ஸின் குரல் உடைந்தது. "கோட்டைத் தாண்டினா நீங்க மறுபடியும் வாசி ஆயிடுவீங்க! தகடு தயாரா இருக்கு! இன்னும் நாலே நிமிஷம்!"

"தாகமா இருக்குதும்மா," என்றார் அவர். "தள்ளு, வெர்னா."

வெர்னா தள்ளினாள். சக்கரம் நாடாவில் ஒரு குலுக்கல் குலுங்கிக் கடந்தது. வராண்டாவில் நின்ற மன்ற உறுப்பினர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவள் கோப்பையை நிரப்பிக் கொடுக்க, அவர் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கெர்வின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதினார்: பதினொன்று நாற்பத்திரண்டு, பஸ்கி ஊர் திரும்பினார், விண்ணப்பம் தள்ளுபடி.

"குளோரின் ஒரு துளி தூக்கல்," என்றார் லீலண்ட்.

"உனக்கு எப்பவும் தூக்கல்தான்."

"குறை சொல்லல. நல்லாருக்கு. இன்னொரு கப் புடி."

அன்று சாயங்காலமே அவரைப் பன்னிரண்டாம் எண் அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான், பெல்டன் நகர எல்லைக்குள், பத்தொன்பது நாள் கழித்து ஒரு காலையில், வெர்னா செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது காலமானார். கருங்கல் சுவரில் அவர் பெயர் இல்லை. விக்லோ நூலகத்துப் பலகையில் அட்டை இருக்கிறது. வெயிலில் மை மங்கும்போதெல்லாம் ரமோனா மேலே எழுதிவிடுகிறாள்.

பதினான்காம் எண் அறையைத் திரும்ப எல்லைக்குள் சேர்க்கவில்லை. அது உபயோகமான அறை என்று ஆணையம் கண்டுகொண்டது. வெளியூரில் இறந்தவர் என்ற தகுதிக்காக நகரத்தின் முக்கியஸ்தர்கள் பலர் அதற்கு இப்போதே பெயர் கொடுத்துவைத்திருக்கிறார்கள். முன்னுரிமைப் பட்டியலில் கான்ஸ்டன்ஸ் விட்லாக் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். அதுவரை அறை காலியாக இருக்கக் கூடாது என்பதால் சாதாரண நோயாளிகளும் அதில் படுக்கிறார்கள்.

தண்ணீர் ஒப்பந்தத்துக்கான தீர்மானம் மன்றத்தில் நாலு முறை தள்ளிவைக்கப்பட்டது, இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் பதினான்காம் எண் அறைக் குழாயில் தண்ணீர் வருகிறது. யார் திறந்துவிட்டது என்று ஆணையம் விசாரித்துக்கொண்டிருக்கிறது.